ஒரு சிட்டிகை மோலி

கோயம்புத்தூரில் ஒரு டூல் ரூமில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைப் பார்த்துவிட்டேன். இரண்டு தலைமுடியைச் சேர்த்துப் பிடித்தால் என்ன கனம் இருக்குமோ, அந்தக் கனத்தில் ஒரு கம்பி. அளவு சொன்னால் 0.18 மில்லிமீட்டர். டிரம்மில் சுற்றியிருக்கும். டிரம் ஒரு பக்கம் உருண்டு போய் நிற்கும், உடனே மறுபக்கம் உருளும். கம்பி விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் இரண்டு அங்குல கனத்தில் கடினமாக்கிய டை ஸ்டீல். அரம் போட்டால் அரம்தான் தேயும், அப்படிப்பட்ட ஸ்டீல்! அதற்குள் இந்த மெல்லிய கம்பி, நீலப் பொறி சடசடக்க, சோப்புத் தண்ணீர் வழிய, நூலை வைத்து அவித்த முட்டையை அறுப்பதுபோல நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் டீ குடிக்கப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

"இது என்ன கம்பிங்க மாஸ்டர்?"

"மோலி."

"அப்படின்னா?"

"மாலிப்டினம், தம்பி. பித்தளைக் கம்பின்னா ஒரு தடவை ஓடினதும் தூக்கிப் போட்டுரணும். இது அறுந்து விழற வரைக்கும் உழைக்கும். தொட்டுப் பாரு."

மிஷினை நிறுத்திவிட்டு ஒரு துண்டு கம்பியைக் கையில் கொடுத்தார். இழுத்துப் பார்த்தேன். விரலில் கோடு விழுந்ததே தவிர, கம்பி அசையவில்லை. அன்று பிடித்த பித்து இருபத்தாறு வருடமாகியும் விடவில்லை. தங்கம், பிளாட்டினம் என்று ஊரே பேசட்டும். எனக்கு உலோகம் என்றால் மாலிப்டினம்தான்.

அந்தக் கம்பிக்கும் ஸ்டீலுக்கும் நடுவே பாய்கிற ஒவ்வொரு பொறியும் பல ஆயிரம் டிகிரி சூடு. இரும்பு 1538 டிகிரியில் உருகிவிடும். மாலிப்டினம் உருக 2623 டிகிரி வேண்டும். பொறி இரண்டு பக்கமும் கடிக்கத்தான் செய்கிறது, ஆனால் ஸ்டீல் பொடிப்பொடியாகக் கரைந்து போக, கம்பி மயிரிழை மயிரிழையாகத்தான் மெலிகிறது. மெலிய மெலிய ஆபரேட்டர் மைக்ரோமீட்டரில் கம்பியை அளந்து, அதற்கேற்ப ஆஃப்செட்டை மாற்றிக்கொண்டே வருவார். உடம்பு தேய்ந்தும் கணக்கு தவறாமல் வேலை பார்க்கிற பொருள் அது. பார்க்கப் பார்க்க எனக்கு மரியாதை கூடிக்கொண்டேதான் போனது.

பிறகுதான் இதன் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பெயரே ஒரு பெரிய குழப்பத்தில் பிறந்தது. கிரேக்கத்தில் 'மோலிப்டோஸ்' என்றால் ஈயம். மாலிப்டினம் கிடைக்கிற தாதுவான மாலிப்டினைட், சாம்பல் நிறத்தில் பளபளவென்று, தொட்டால் வழவழவென்று இருக்கும். காகிதத்தில் தேய்த்தால் எழுதும். அதனால் அதையும் பென்சில் கிராஃபைட்டையும் ஈயத் தாதுவையும் பல நூற்றாண்டுகள் ஒரே பெயரில் அழைத்துவந்தார்கள். 1778-இல் ஸ்வீடனில் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற மருந்துக்கடைக்காரர் அதை நைட்ரிக் அமிலத்தில் போட்டுக் காய்ச்சினார். கிராஃபைட் என்றால் அமிலத்துக்கு அசையாது. இதுவோ வெள்ளைப் பொடியாக மாறியது. அதற்குள் புதிய உலோகம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதைப் பிரித்தெடுக்கிற அளவுக்குச் சூடு தரும் உலை அவரிடம் இல்லை. நண்பர் பீட்டர் யாகோப் ஹெல்மிடம் கொடுத்தார். ஹெல்ம் அந்தப் பொடியைக் கரித்தூளோடும் ஆளி விதை எண்ணெயோடும் குழைத்து, மூடிய மூசையில் வைத்துக் கடுமையாகச் சுட்டு 1781-இல் உலோகத்தை எடுத்தார். எண்ணெயும் கரியும் குழைத்து ஒரு தனிமத்தைப் பிறக்க வைத்திருக்கிறார்கள்! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

தனிம அட்டவணையில் இதற்கு 42-ஆம் இடம். அடர்த்தி இரும்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஒரே அளவில் இரும்புத் துண்டையும் மோலித் துண்டையும் இரண்டு கையிலும் வாங்கிப் பாருங்கள், மோலி வைத்த கை தானாகவே இறங்கும். அதோடு சில்லென்று இருக்கும். கைச்சூட்டை அப்படியே உறிஞ்சிக் கடத்திவிடுகிற குணம் அதற்கு. சூட்டில் விரிவதும் ரொம்பக் குறைவு, இரும்பு விரிவதில் பாதிகூட இல்லை. அதனால்தான் ஹாலஜன் பல்பில் குவார்ட்ஸ் கண்ணாடியைத் துளைத்து மின்சாரத்தை உள்ளே கொண்டுபோகிற வேலையை இதனிடம் விட்டிருக்கிறார்கள். பழைய ஹாலஜன் பல்பு ஒன்றின் அடிப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நசுக்கி மூடிய கண்ணாடிக்குள் வெள்ளிச் சரிகை மாதிரி ஒரு சின்னப் பட்டை தெரியும். அது மோலித் தகடு.

குண்டு பல்பு காலத்துக் கதை இதைவிட அழகு. டங்ஸ்டன் இழை சுருள் சுருளாக இருக்குமே, அதை எப்படிச் சுற்றினார்கள் தெரியுமா? மெல்லிய மோலிக் கம்பியை நடுவில் வைத்து, அதன்மேல் டங்ஸ்டனைச் சுற்றி, சூடாக்கி வடிவம் நிற்க வைத்து, பிறகு அமிலத்தில் போடுவார்கள். மோலி மட்டும் கரைந்து போகும், டங்ஸ்டன் சுருள் நிற்கும். பல்புக்குள் அந்தச் சுருளைத் தாங்கிப் பிடித்த கொக்கிக் கம்பிகளும் மோலிதான். நம் வீடுகளில் எத்தனை வருடம் தலைக்குமேல் எரிந்திருக்கிறது!

ஆனால் மோலியைத் தனியாகப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பூமியிலிருந்து எடுப்பதில் பெரும்பங்கு உருக்காலைகளுக்குப் போய் ஸ்டீலோடு கலந்துவிடுகிறது. சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. அளவு சிட்டிகை, ஆனால் போடாவிட்டால் தெரிந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே தூத்துக்குடியில் கண்ணால் பார்த்துவிட்டேன். என் மச்சான் கடற்கரைப் பக்கம் வீடு கட்டினார். மாடிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி. ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரர் "கடல் காத்துக்கு ஏத்த 316 தான் போட்டிருக்கேன்" என்று சொல்லி அதற்குண்டான விலையையும் வாங்கிக்கொண்டார். எட்டு மாதத்தில் கைப்பிடி முழுக்க டீக்கறை மாதிரி பழுப்புப் புள்ளிகள். நான் போனபோது கையோடு மோலி டெஸ்ட் சொட்டு மருந்து கொண்டுபோயிருந்தேன். பழைய இரும்புக் கடைக்காரர்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள். சின்னக் குப்பி, ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. கைப்பிடியின் அடியில் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டு பேட்டரியை வைத்தேன். மோலி இருந்தால் சொட்டு செம்பழுப்பாகக் கறுக்கும். இது மஞ்சளாகவே நின்றது. மோலி இல்லாத 304-ஐப் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள். என் கைப்பையில் சாம்பிளுக்கு வைத்திருந்த 316 துண்டில் அதே சொட்டை விட்டுக் காட்டினேன். நிறம் மாறியதைப் பார்த்து மச்சான் வாயடைத்து நின்றார்.

இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் 2 முதல் 3 சதம் மாலிப்டினம், அவ்வளவுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் குரோமியம் போர்த்திவிடுகிற கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு போர்வை. கடல் காற்றின் உப்பிலுள்ள குளோரைடு அந்தப் போர்வையில் எங்கேயாவது ஒரு புள்ளியில் பொத்தல் போடும். பொத்தல் உள்ளே குழியாக ஆழமாகும். மோலி இருக்கிற ஸ்டீலில் அந்தக் குழி வளராமல் அடங்கிப்போகும், போர்வை மறுபடி மூடிக்கொள்ளும். குழி அரிப்பை எதிர்ப்பதில் குரோமியத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தால், அதே அளவு மோலிக்கு 3.3 மதிப்பெண் கொடுத்துக் கணக்குப் போடுவது உலோகத் துறை வழக்கம். ஒன்றுக்கு மூன்றுக்கு மேல்!

மச்சான் பிறகு வேறு ஒருவரை வைத்து, என்னைப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு குழாயிலும் சொட்டு விட்டுப் பார்த்துத்தான் மாற்றினார். ஆறு வருடமாகிறது. தண்ணீர் விட்டுத் துடைத்தால் முகம் பார்க்கலாம்.

எங்கள் தொழிலில் தினமும் கையில் புரளுகிற டிரில் பிட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். எச்.எஸ்.எஸ். என்று தண்டில் பொறித்திருக்குமே, ஹை ஸ்பீட் ஸ்டீல். ஆரம்பத்தில் அதற்கு 18 சதம் டங்ஸ்டன் போட்டார்கள். பிறகு டங்ஸ்டன் கிடைப்பது சிக்கலானபோது மோலி அந்த இடத்துக்கு வந்தது. டங்ஸ்டன் அணுவின் எடையில் மோலி அணு கிட்டத்தட்டப் பாதி. ஆகவே பாதி எடை போட்டாலே அதே எண்ணிக்கையில் அணுக்கள் உள்ளே போய்விடும், அதே வேலையைச் செய்யும். இன்றைக்குப் பட்டறைகளில் ஓடுகிற எம்-2 என்ற ரகத்தில் 6 சதம் டங்ஸ்டன், 5 சதம் மோலி. சாதாரண கார்பன் ஸ்டீல் டிரில்லை வேகமாக ஓட்டினால் முனை நீலம் பாய்ந்து மழுங்கிவிடும். எம்-2 அறுநூறு டிகிரி பக்கம் சூடேறியும் கூர் விடாது. மோலியும் கரியும் சேர்ந்து அந்தச் சூட்டில் நுண்ணிய கார்பைடு துகள்களாகப் பிரிந்து ஸ்டீலை இளக விடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஒரு நல்ல டிரில்லில் இருந்து சுருள் சுருளாகச் சீவல் புகையோடு வெளியே வரும்போது நான் இன்றும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன்.

அனல் மின் நிலையத்து பாய்லர் குழாய்களும் இதே உறவுக்காரர்கள்தான். நீராவி 540 டிகிரி, உள்ளே பயங்கர அழுத்தம், வருடக்கணக்கில் ஓய்வில்லை. அந்தச் சூட்டில் சாதாரண இரும்பு உடையாது. மெதுவாக, வருடத்துக்கு இத்தனை என்று, ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போகும். க்ரீப் என்பார்கள். பெரிய உருவம் கொண்ட மோலி அணு இரும்புக்குள் சுலபத்தில் நகராது, தானும் நகராமல் பக்கத்தில் இருப்பவரையும் நகரவிடாது. ஒரு சதம் மோலி போட்ட ஸ்டீல் குழாய்கள்தான் உலகம் முழுக்க இந்தச் சூட்டைத் தாங்குகின்றன. திருச்சியில் பெல் நிறுவனம் பாய்லர் செய்கிற வளாகத்துக்கு ஒருமுறை வேலையாகப் போயிருந்தபோது, அடுக்கி வைத்திருந்த குழாய்களின் முனையில் ரகம் எழுதியிருந்ததைப் படித்துப் படித்துச் சந்தோஷப்பட்டேன். கல்பாக்கத்து அதிவேக ஈனுலையின் நீராவி உற்பத்திக் கலம் 9 சதம் குரோமியம், 1 சதம் மோலி கலந்த ஸ்டீல். ஒரு குழாய்ச் சுவருக்கு இந்தப் பக்கம் தகிக்கிற திரவ சோடியம், அந்தப் பக்கம் தண்ணீர். இரண்டும் தொட்டுக்கொண்டால் தீ. நடுவில் காவலுக்கு நிற்பது அந்த ஸ்டீல். சோடியத்தை ஏந்தி நிற்கிற பெரிய பாத்திரமும் 316 வகைதான். தூத்துக்குடி மாடிக் கைப்பிடியின் அண்ணன்.

மோலிக்கு ஒரு பலவீனம் உண்டு, அதையும் அன்போடுதான் சொல்கிறேன். காற்று இல்லாத இடத்தில் அது ராஜா. காற்றுப்பட்ட சூட்டில் நிற்காது. நான் இடையில் நான்கு வருடம் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் யூனிட்டில் இருந்தேன். அங்கே வேக்குவம் ஃபர்னஸின் உள்பக்கம் முழுக்க மோலித் தகடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, வெள்ளித் தேர் உள்ளே இருப்பதுபோல் ஜொலிக்கும். வெப்பத்தை உள்ளேயே திருப்பி அடிக்கிற கவசம். ஒருநாள் கதவு சீல் கசிந்து, யாரும் கவனிக்காமல், சூட்டோடு காற்று உள்ளே புகுந்துவிட்டது. திறந்தபோது தகடுகளின் விளிம்பு அரித்துப் போயிருந்தது. குளிர்ந்த சுவர்களில் எல்லாம் வெளிர் மஞ்சளாக, பனி பூத்ததுபோல ஊசி ஊசியாகப் படிகங்கள். மாலிப்டினம் ட்ரைஆக்ஸைடு. உலோகம் காற்றோடு சேர்ந்து, ஆவியாகப் பறந்து, குளிர்ந்த இடத்தில் போய்ப் பூத்திருக்கிறது. நஷ்டம் பெரிது, முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் அந்தப் படிகங்களின் அழகை இன்றுவரை மறக்க முடியவில்லை. புதுத் தகட்டை வளைக்கும்போது லேசாகச் சூடு காட்டித்தான் வளைக்க வேண்டும், குளிர்ந்த நிலையில் மடக்கினால் விறகு பிளப்பதுபோல அடுக்கு அடுக்காகப் பிளந்துவிடும் என்பதும் அப்போதுதான் கற்றேன்.

கார் மெக்கானிக்கைக் கேட்டால் அவருக்கு மோலி என்றால் கறுப்பு கிரீஸ். முன்சக்கர ஆக்ஸில் ஜாயின்டில் வைத்து அடைப்பார்களே, அதுதான். கறுப்புக்குக் காரணம் மாலிப்டினம் டைசல்ஃபைடு, அதாவது தாதுவாகவே பூமியில் கிடைக்கிற அதே பொருள். ஒரு மோலி அடுக்கு, மேலும் கீழும் கந்தக அடுக்கு. ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவே பிடிப்பு மிகக் குறைவு, புதுச் சீட்டுக்கட்டு மாதிரி சறுக்கும். கிராஃபைட்டும் சறுக்கும்தான், ஆனால் அதற்குக் காற்றின் ஈரம் வேண்டும். ஈரமில்லாத இடத்தில் அது பொடிந்து தேயும். மோலி சல்ஃபைடுக்கு ஈரம் வேண்டாம், காற்றே வேண்டாம். எண்ணெய் விட முடியாத விண்வெளியில் அதுதான் மசகு. கலிலியோ விண்கலம் வியாழனுக்குப் போகிற வழியில், 1991-இல், குடை மாதிரி விரிய வேண்டிய அதன் பெரிய ஆன்டெனா முழுதாக விரியாமல் போனது. ஏவுவதற்கு முன் லாரியில் அமெரிக்காவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கொண்டுபோன அதிர்வில், குடைக்கம்பிகளின் ஊசிமுனைகளில் இருந்த உலர் மசகு உதிர்ந்துபோயிருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சு போனதற்கு எவ்வளவு பெரிய விலை!

2020 ஏப்ரல் முதல் நம் பங்க்குகளில் கிடைக்கிற டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்து பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தக் கந்தகத்தைச் சுத்திகரிப்பு ஆலையில் பிரித்தெடுப்பது கோபால்ட்டும் மோலியும் சேர்ந்த வினையூக்கி. பஸ் புகையின் நாற்றம் குறைந்திருப்பதை உணர்கிறவர்கள் மோலிக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

இரும்பும் எண்ணெயும் மட்டும் என்றால்கூட நான் இவ்வளவு உருகமாட்டேன். பொள்ளாச்சிப் பக்கம் என் சித்தப்பா தோட்டத்தில் நிலக்கடலைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வேரில் மணி மணியாகத் தொங்குகிற முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே ரத்தம் மாதிரி இளஞ்சிவப்பு. அதற்குள் குடியிருக்கிற பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கித் தருகிறது. யூரியா தொழிற்சாலைக்கு நானூறு டிகிரிக்கு மேல் சூடும், நூற்றுக்கணக்கான மடங்கு காற்றழுத்தமும் வேண்டிய வேலை. பாக்டீரியா அதைச் சாதாரண மண் சூட்டில் செய்கிறது. அதைச் செய்யும் நொதியின் மையத்தில் ஏழு இரும்பு அணுக்கள், ஒன்பது கந்தக அணுக்கள், ஒரு கரி அணு, அவற்றோடு ஒரே ஒரு மாலிப்டினம் அணு! "என்னடா வேரையே முறைச்சுப் பாத்துட்டு நிக்கறே?" என்றார் சித்தப்பா. சொன்னேன். அவர் காலிஃபிளவரைப் பற்றிச் சொன்னார். புளிப்பு மண்ணில் மோலி செடிக்குக் கிடைக்காமல் மண்ணிலேயே கட்டுண்டுவிடும், அப்போது இலையின் அகலம் வளராமல் நடு நரம்பு மட்டும் சாட்டை மாதிரி நீளும். சுண்ணாம்பு இடுவார்கள், அல்லது சோடியம் மாலிப்டேட்டைக் கொஞ்சமாகக் கரைத்துத் தெளிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் 1940-களில், தீவனப் புல்லும் க்ளோவரும் வளராத நிலங்களுக்கு ஏக்கருக்குச் சில அவுன்ஸ் மட்டும் தூவி, பசுமையாக்கியிருக்கிறார்கள். நம் உடம்புக்கும் ஒரு நாளைக்கு 45 மைக்ரோகிராம் போதும். பருப்பும் பயறும் சாப்பிடுகிறவர்களுக்கு அது தானாகவே வந்துவிடும்.

அம்மாவுக்கு தைராய்டு ஸ்கேன் எடுக்கப் போனபோது இன்னொன்றும் தெரிந்தது. ஊசியில் ஏற்றுகிற மருந்து டெக்னீஷியம். ஆறு மணி நேரத்துக்கொருமுறை பாதியாகிவிடும், அதை ஊர் ஊராக அனுப்ப முடியாது. ஆகவே அதன் தாயை அனுப்புகிறார்கள்: மாலிப்டினம்-99, பாதியாக 66 மணி நேரம். ஈயக் கவசம் போட்ட சின்னக் குடுவைக்குள் அது மெல்லச் சிதைந்து டெக்னீஷியமாக மாறிக்கொண்டே இருக்கும். காலையில் உப்புத் தண்ணீரை உள்ளே விட்டால் டெக்னீஷியம் மட்டும் கரைந்து வெளியே வரும். மறுநாள் மறுபடியும். இந்தக் குடுவைக்கு அந்தத் துறையில் 'மோலி பசு' என்றே பெயர், கரைத்தெடுப்பதற்குப் பெயர் பால் கறப்பது! அந்த டெக்னீஷியமே முதன்முதலில் கிடைத்தது 1937-இல், பெர்க்லியில் சைக்ளோட்ரானில் அடிபட்டுக் கழற்றிய ஒரு மோலித் தகட்டில்தான். அதைத் தபாலில் வாங்கிப் பலேர்மோவில் ஆராய்ந்தவர்கள் எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியேயும். மனிதன் செயற்கையாகச் செய்த முதல் தனிமம். அம்மாவின் கையில் ஊசி ஏறியபோது நான் அவரிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "பசுவா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அமெரிக்காவில் கொலராடோ மலைமேல் கிளைமாக்ஸ் என்ற சுரங்கம் உண்டு, மூவாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில். இரண்டாம் உலகப்போர் காலத்தில் உலகத்தின் மோலியில் பெரும்பங்கு அந்த ஒரு மலையிலிருந்து வந்தது. சிலியிலும் பெருவிலும் செம்புச் சுரங்கத்தின் உடன்விளைவாகவே கிடைக்கிறது. நம் ஊரில் சுரங்கம் இல்லை, இறக்குமதிதான். ஆனால் தருமபுரி மாவட்டம் அரூர், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை பக்கம் பாறைகளுக்குள் மாலிப்டினைட் இருப்பதைப் புவியியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். புவியியல் படித்த நண்பர் ஒருவர் அந்தப் பக்கம் போய்வந்தபோது வெள்ளைக் குவார்ட்ஸில் நீலச்சாம்பல் செதில் ஒட்டிய ஒரு சின்னக் கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் மேசைமேல் வைத்திருந்தேன். என் மகள், ஐந்தாம் வகுப்பு, அதை எடுத்துப் பீங்கான் தட்டின் பின்பக்கத்தில் இழுத்தாள். கிராஃபைட் என்றால் கறுப்பாக விழுந்திருக்கும். இது லேசான பச்சை கலந்த சாம்பல். "அப்பா, இந்தக் கல் எழுதுதுப்பா" என்றாள். தட்டை அவளிடமிருந்து வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துச் சாய்த்துக் காட்டினேன். பச்சை தெரிந்ததும் அவள் இன்னொரு கோடு இழுத்தாள்.